படுத்துக் கிடந்த இரண்டு ரூபாய்

இரண்டு ரூபாய்க்காக நடுவழியில் பஸ்ஸை நிறுத்தியவன் என்று எங்கள் டிப்போவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பாதிதான் உண்மை. அந்த இரண்டு ரூபாய் என்னுடையதல்ல. பஸ்ஸை நிறுத்தச் சொன்னவனும் நானல்ல. நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில் புதுக் கண்டக்டர்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்தக் கதைய நீங்களே ஒருக்கா சொல்லுங்க, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். அவர்களுக்கு டிக்கட்டை மெசின் அடித்துக் கொடுக்கிறது. இரண்டு ரூபாய்க் காசை யாரும் கேட்பதுமில்லை, கொடுப்பதுமில்லை. வாயால் சொன்னால் கதை இன்னும் ஒரு முழம் நீளும் என்பதால் எழுதியே வைக்கிறேன்.

நான் பசறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். முப்பத்தொரு வருடம் கண்டக்டர் வேலை, அதில் முக்கால்வாசி லுணுகலை ரோட்டில். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மூன்று வாரம் ஒரு மூத்த கண்டக்டரின் முதுகுக்குப் பின்னால் நின்று, வளைவில் யார் மடியிலும் விழாமல் டிக்கட் கிழிக்கப் பழகினேன். நாலாவது வாரம் தோல் பையை என் தோளில் மாட்டிவிட்டு அவர் வேறு ரோட்டுக்குப் போய்விட்டார்.

காசுப் பைத்தியம் அந்தப் பையால்தான் பிடித்தது. ஒரு நாள் சில்லறைக்குள் கையை விட்டபோது விளிம்பு பூப்போல வளைந்த ஒன்று விரலில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் சிலோன் காலத்துப் பத்துச் சதம்! யாரோ ஒரு கிழவர் இருட்டில் தடவிக் கொடுத்திருக்க வேண்டும். என் ஒரு ரூபாயைப் பையில் போட்டுவிட்டு அதைச் சட்டைப்பைக்குள் விட்டேன். பைக்கு லாபம், எனக்குப் பொக்கிஷம், யாருக்கும் நட்டமில்லை என்று நினைத்தேன்.

ஜயசேன மாத்தையா அப்படி நினைக்கவில்லை. அவர் எங்கள் பகுதிப் பரிசோதகர், சிங்களவர்; மாத்தையா என்றால் ஐயா. குள்ளமான மனிதர், முழங்கையில் எப்போதும் ஒரு குடை தொங்கும். பஸ்ஸில் ஏறினால் உட்காரவே மாட்டார். முதலில் டிரைவருக்கு ஒரு வணக்கம், பிறகு பயணிகளுக்கு ஒரு வணக்கம், அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்புவார். பையை ஒரு சீட்டில் கொட்டச் சொல்லி, காசுகளை ஒற்றை விரலால் தள்ளித் தள்ளி வரிசை கட்டுவார். எங்கள் வேலையில் ஒரு சட்டம் இருந்தது. டியூட்டிக்கு ஏறுமுன் கண்டக்டர் தன் சொந்தப் பணம் எவ்வளவு என்று அன்றைய தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வழியில் சோதித்தால், விற்ற டிக்கட்டும் எழுதிய சொந்தப் பணமும் கையிலிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு சதம் கூடினாலும் விளக்கம் சொல்ல வேண்டும், சரியாகச் சொல்லாவிட்டால் வேலைக்கே ஆபத்து.

அன்று எண்ணியதில் பத்துச் சதம் மட்டும் குறைந்தது. கடைசியில் அவர் குடைப்பிடியால் என் சட்டைப்பையைத் தொட்டார்.

"ராமையா, மே மொகத? என்ன அது?"

"பழைய காசு மாத்தையா. என் ஒரு ரூபாயப் போட்டுட்டு எடுத்துக்கிட்டேன்."

"போட்டத யாரு பார்த்தது?"

காசை எடுத்து நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்தப் பத்துச் சதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல காசு" என்றார். "ஆனா இங்க பாரு. பைல இருந்து பொக்கெட்டுக்குப் போனா அது களவு. டிப்போ ஜன்னல்ல போனா மாத்துறது. ஜன்னல்ல மாத்து."

அன்றிலிருந்து அதுதான் நடைமுறை. பிடித்த காசு வந்தால் பைக்குள்ளேயே ஒரு தீப்பெட்டியில் தனியாகப் போடுவேன். மாலையில் டிப்போவின் பணம் கட்டும் ஜன்னலில், காசாளர் கண்முன்னே என் காசை வைத்துவிட்டு அதை எடுப்பேன். எந்தப் பயணம், எந்தத் தரிப்பில் ஏறியவர் கொடுத்தது, என்ன காசு என்று ஒரு கடதாசித் துண்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். ஆரம்பத்தில் மனதுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை. பத்துச் சதத்துக்குக் கச்சேரி நடத்துகிறார் மனிதர் என்று டிரைவரிடம் புலம்புவேன். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. காசு சேர்ப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எந்த ஊர்ச் சந்தியில் எந்தப் பயணத்தில் கிடைத்தது என்று கையெழுத்தோடு காட்ட என்னைப் போல யாரால் முடியும்?

அதைக் காட்டிப் பெருமையடிக்க எனக்கு ஒரு சபையும் இருந்தது. பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு ஹாஜியார், அப்புத்தளை ஸ்டேஷனில் வேலை செய்த ஒருவர், எல்ல என்ற ஊரில் விடுதி வைத்திருந்த ஒருவர், இப்படி எட்டுப் பத்துப் பேர். மாதம் ஒரு ஞாயிறு ஹாஜியார் கடையின் பின்னறையில் கூடுவோம். அந்த மாதம் கிடைத்ததை ஒவ்வொருவரும் கவிழ்த்த சாசருக்கு அடியில் வைத்து மேசை நடுவில் தள்ளுவோம். சாசரைத் தூக்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டால் வெளியே புடவை வாங்க வந்தவர்கள் உள்ளே கிரிக்கெட் ஓடுகிறதோ என்று நினைப்பார்கள். எல்லாருடைய கையிலும் ஒரு சுற்று வந்த பிறகுதான் விலையைப் பற்றியோ மாற்றுவதைப் பற்றியோ பேசலாம். போன்கள் வந்த பிறகு வட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்தோம். ஞாயிறு வரை பொறுக்க யாருக்கும் பொறுமை இல்லை என்பதுதான் காரணம்.

இனி அந்த இரண்டு ரூபாய்க்கு வருகிறேன். நான் ஓய்வு பெற நாலைந்து வருடம் இருந்த காலம். கிளினிக் நாள், பஸ்ஸில் நிற்க இடமில்லை. மாலை லுணுகலையில் தேநீர் குடித்துக்கொண்டே, தரிப்புவாரியாகத் தனித்தனியே சுற்றி வைத்திருந்த சில்லறையைப் பிரித்தபோது ஒரு இரண்டு ரூபாயில் எழுத்துகளுக்கு இடையே மஞ்சள் படிந்திருந்தது. முகர்ந்தேன், நல்ல மஞ்சள் வாசம். துடைக்கலாம் என்று புரட்டினேன். புரட்டியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் நாட்டுக் காசு எதையும் முன்பக்கத்தை நேராகப் பிடித்துப் பக்கம் புரட்டுவது போலப் புரட்டினால் பின்பக்கத்து எண் நிமிர்ந்து நிற்கும். இதில் எண் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. அடிக்கும்போது அச்சு திரும்பிப்போன காசு! கோடிக்கணக்கில் அடிப்பதில் எப்போதாவது ஒன்று தப்பி வெளியே வரும். வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் கவனிக்க மாட்டார்கள். புத்தகத்தில் படித்திருக்கிறேன், கையில் பிடித்தது அன்றுதான். நான் பாதித் தேநீரில் "ஐயோ!" என்று கத்தியதில் கடைக்காரர் பூச்சி விழுந்துவிட்டது என்று வேறு தேநீர் கொண்டுவந்தார்.

ஜன்னலில் மாற்றி, துண்டு எழுதி, வீட்டுப் படியேறும் முன்பே படத்தைக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் ஹாஜியார் கூப்பிட்டார். அவருக்குப் பிழைக்காசு என்றால் உயிர்.

"ராமையா, அத வேற யாருக்கும் குடுத்துறாதீங்க. என்ன வேணும்னு சொல்லுங்க."

என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆறு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளிப் பதக்கம் அவரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டக் கம்பனி ஒரு பெரிய கங்காணிக்கு நீண்ட சேவைக்காகக் கொடுத்தது. ஒரு பக்கம் இரண்டிலையும் மொட்டுமாக ஒரு கொழுந்து, மறுபக்கம் தோட்டத்தின் பெயர். அது நான் பிறந்த தோட்டம். எங்கள் ஆட்கள் நாலு தலைமுறை உழைத்த இடத்தின் பெயரை வெள்ளியில் வெட்டி வைத்திருந்த ஒரே பொருள் அதுதான். ஞாயிறன்று காசு அவரிடம் போனது, பதக்கம் என்னிடம் வந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அந்தச் சந்தோஷம் வியாழக்கிழமை வரை நீடித்தது. லுணுகலைக்குச் சற்று முன்னால் மேல்டிவிசன் சந்தி என்று ஒரு தரிப்பு. அங்கே ஒரு இளம் பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று கையைக் காட்டினாள். ஏறவில்லை, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, போன கிளினிக் நாளு, மஞ்ச ஒட்டின ரெண்டு ரூபா ஒண்ணு ஒங்க பையில வந்துச்சாங்க? நீங்க எந்த பஸ்ஸுன்னு தெரியாம எல்லா பஸ்ஸுலயும் கேட்டுட்டேன். சிரிக்கிறாங்க."

என் துண்டில் "மேல்டிவிசன் சந்தி" என்றுதான் எழுதியிருந்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனையோ ரெண்டு ரூபா வருது. நான் என்னத்தக் கண்டேன்" என்றேன். வாய் தானாகப் பொய் சொன்னது.

"அது புள்ளைக்கு முடிஞ்ச காசுங்க. பிரசவத்துக்கு முன்னுக்கு கதிர்காமத்துக்கு நேந்து மஞ்சத்துணியில முடிஞ்சது. புள்ளைய மருந்துக்குத் தூக்கிட்டுப் போனாலும் முந்தானையில முடிஞ்சு கொண்டு போவேன். அன்னைக்கு நீங்க ரெண்டு ரூபா கொறையுதுன்னு சத்தம் போட்டீங்க. பதறிப்போய் எத அவுத்தேன்னு தெரியாம குடுத்துட்டேன். சனிக்கிழம வேன் போகுது. புள்ளைக்கு மொட்ட போட்டுட்டு அத உண்டியல்ல போடணும்."

அப்போதுதான் நினைவு வந்தது. கூட்டத்துக்குள் குழந்தை வீரிட்டு அழுதுகொண்டிருக்க, "சில்லறை இல்லாம எல்லாரும் ஏறினா நான் என்ன காசு அச்சா அடிக்கிறது?" என்று ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தியவன் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் வீட்டுக்காரி சொல்வதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

"வேற ரெண்டு ரூபா போடலாமே தங்கச்சி" என்றேன்.

"வீட்டுலயும் அதத்தான் சொல்றாங்க. சாமி கோவிச்சுக்காதுங்க, எனக்குத் தெரியும். ஆனா நான் கேட்டது அந்தக் காசக் கையில வச்சிக்கிட்டுத்தானே? வார்டுல ராத்திரி பூரா எங்கூட இருந்தது அதுதாங்க."

தன் பெயர் செல்வி என்று சொல்லி, ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். டிரைவர் ஹோர்ன் அடித்தார். நான் "பார்க்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்கிறேன். அன்று வீட்டுக்குப் போனதும் நல்லதாக ஒரு இரண்டு ரூபாயைத் தேடி எடுத்தேன். மஞ்சளைக் குழைத்து எழுத்துகளுக்குள் பல்குச்சியால் தடவினேன். எப்படிப் பார்த்தாலும் அசல்தான். செல்விக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை, பதக்கமும் என்னிடமே இருக்கும். காசைக் காய வைத்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரி வந்து பின்னால் நின்றாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. முழுதும் கேட்டுவிட்டு அவள், "கந்தனுக்கே கள்ளக்காசா?" என்றாள். "அந்தப் புள்ளைக்கு ஒரு தடுமன் காய்ச்சல் வந்துச்சுன்னு கேள்விப்பட்டாலும் நீங்க தூங்குவீங்களா?" அவள் அந்தக் காசை எடுத்துக் கழுவி, கடுகு வாங்கக் கொண்டுபோய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பண்டாரவளைக்கு ஓடினேன். ஹாஜியார் என் காசை ஒரு வட்டப் பிளாஸ்டிக் டப்பியில் போட்டு, மேசையில் கண்ணுக்கு எதிரே வைத்திருந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார் என்பது தெரிந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"ராமையா, நாப்பது வருஷமா காசு சேர்க்கிறேன். இப்படி ஒண்ணு இனி என் கைக்கு வருமா?"

"வராது ஹாஜியார்."

"அது அவங்கடதான்னு எப்படித் தெரியும்?"

துண்டை எடுத்து வைத்தேன். கிளினிக் நாள், மேல்டிவிசன் சந்தி, மஞ்சள் படிந்த இரண்டு ரூபாய், இரண்டு கையெழுத்து. அவர் அதை இரண்டு தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார். விலை கேட்ட வாடிக்கையாளரைக் கடைப் பையனிடம் அனுப்பினார்.

"நேந்த பொருள கடையில வச்சிக்கிட்டு நான் எப்படி யாவாரம் பண்றது?" என்று கடைசியில் சொன்னார். "கொண்டு போங்க. ஆனா பதக்கத்தக் குடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் அவுலியா, மகான் இல்ல."

கொடுத்தேன். பதக்கத்தையும் எனக்கே விட்டுத்தருவார் என்று மனதின் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அது நடக்கவில்லை. எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன். போகுமுன் அவர், "ஒரு தரம் புரட்டிக் காட்டுங்க" என்றார். புரட்டினேன். இரண்டு கிழடுகளும் தலையோடு தலை முட்ட அந்தப் படுத்துக் கிடந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தோம். அங்கிருந்தே செல்விக்குப் போன் பண்ணினேன். காசு கிடைத்துவிட்டது, சனி காலை பஸ்ஸில் கொண்டுவருகிறேன் என்றேன். மறுமுனையில் அவள் யாரையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். பிறகு, "வேன் ஒம்பதுக்கு முந்தி கெளம்பணுங்க, அதுக்குப் பொறகு ராகு காலம்" என்றாள். எங்கள் பஸ் எட்டரைக்கெல்லாம் அந்தச் சந்தியில் இருக்கும். நேரம் தாராளம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பசறையில் ஜயசேன மாத்தையா ஏறினார்.

டிரைவருக்கு வணக்கம். பயணிகளுக்கு வணக்கம். பை கொட்டப்பட்டது. ஒற்றை விரல் காசுகளைத் தள்ளித் தள்ளி வரிசை கட்டியது. அந்தப் பாதையில் பாதி ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். அவர் ஒவ்வொரு டிக்கட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று பஸ்ஸை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டார். எட்டே கால். எட்டரை. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குடைப்பிடி என் சட்டைப்பையைத் தொட்டது.

டப்பியை எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொந்தப் பணம் ஐம்பது ரூபாய் என்று தாளில் எழுதியிருந்தேன். இந்த இரண்டு ரூபாயை எழுதவே இல்லை. காசுப் பைத்தியம் பிடித்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. என் கண்ணுக்கு அது காசாகவே தெரிந்திருக்கவில்லை!

"எழுதல்ல" என்றார் அவர்.

"எழுதல மாத்தையா. தப்புத்தான். றிப்போட் எழுதுங்க, நான் கையெழுத்து வைக்கிறேன். ஆனா இத ஒம்பதுக்குள்ள மேல்டிவிசன் சந்தியில குடுக்கணும்." எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. ஒரு கிழவி, "அடப் பாவி, சாமி காசையா எடுத்த?" என்றாள்.

ஜயசேன மாத்தையா டப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் தாளை வாங்கி, ஐம்பதுக்குக் கீழே தன் கையாலேயே "இரண்டு ரூபாய்" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். டிரைவரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த டிரைவர் அவ்வளவு வேகமாக அந்த வளைவுகளை எடுத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வழியில் இறங்க வேண்டிய இரண்டு பேர் தங்கள் தரிப்பு போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சந்திக்கு இரண்டு வளைவு இருக்கும்போதே எதிரே வேன் வந்தது. முன்னால் காவித்துணி, பக்கமெல்லாம் வேப்பிலை. புறப்பட்டுவிட்டார்கள்! "நவத்தன்ன! நிப்பாட்டு!" என்று கத்தியது ஜயசேன மாத்தையாதான். எங்கள் பஸ் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது, வேன் நின்றது, பின்னால் வந்த லொறியும் நின்றது. மணி எட்டு ஐம்பத்திரண்டு.

செல்வி குழந்தையோடு இறங்கி ஓடிவந்தாள். டப்பியைத் திறந்து காசை அவள் கையில் வைத்தேன். முகர்ந்தாள். உடனே கண் கலங்கியது. மஞ்சள்துணியைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள்.

முடியப் போனவளை நான் தடுத்தேன். சொல்லாமல் விட்டால் அதுவும் களவு என்று பட்டது. "தங்கச்சி, ஒரு விசயம். இது சும்மா ரெண்டு ரூபா இல்ல. அச்சுப் பெரண்ட காசு. வித்தா நல்ல வெல போகும். தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க உண்டியல்ல போடணும்." முன்பக்கத்தை நேராகப் பிடித்து, மெதுவாகப் புரட்டிக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு தரம் புரட்டினாள். இன்னொரு தரம் புரட்டினாள். பிறகு சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் இடுப்பிலிருந்த பையனைப் பார்த்தாள்.

"அண்ணே, இவனும் இப்படித்தாங்க வயித்துல குறுக்க கெடந்தான். திரும்ப மாட்டான்னுதான் சொன்னாங்க. அந்த ராத்திரிதான் இத முடிஞ்சேன். விடியிறதுக்குள்ள திரும்பிட்டான்."

காசைப் பையன் நெற்றியில் ஒரு தரம் வைத்து எடுத்து, மஞ்சள்துணியில் போட்டு இறுக்கி முடிந்தாள். வேனுக்குள்ளிருந்து அரோகரா என்று சத்தம் எழுந்தது. எங்கள் பஸ்ஸிலும் எழுந்தது.

நான் பஸ்ஸில் ஏறி மணிக்கயிற்றை இழுத்தேன். ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. ஒன்றுதான் அடித்தேன், அதற்குள் என் கண் அந்த வேனின் பின்னாலேயே போய்விட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். ஜயசேன மாத்தையா என்னைப் பார்க்காமலே குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, எட்டி இரண்டாவது மணியை அடித்தார்.